பெட்டியை வாங்காதேங்கோ, செய்யுங்கோ



இந்தக் கிழமை எபிசோடில் போனால் திறக்கிற பூட்டுகளைப் பற்றிக் கதைத்தோம். அதோடு ஒட்டின ஒரு விஷயத்தை எழுத்தில்தான் ஒழுங்காகச் சொல்லலாம் என்று இங்கே வைத்திருந்தேன். மோட்டார்சைக்கிளில் சாமான் வைத்துப் பூட்டுகிற பெட்டியை வாங்காமல் நாங்களே செய்ய வேணும். இதுதான் என் கட்சி.

"ஓடர் பண்ணினால் நாளைக்கே வந்திடும், ஏன் மினக்கெடுறாய்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். காசு மிச்சம் என்று நான் சொல்ல வரவில்லை. தகடு, பூட்டு, பிணைச்சல், ரப்பர், வளைக்கிற கூலி எல்லாம் கூட்டினால் கடைப் பெட்டியின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். ஆனால் கடைப் பெட்டி யாரோ ஒரு சராசரி ஆளுக்காகச் செய்தது. எதைப் பூட்டப் போகிறாய், எவ்வளவு நேரத்துக்கு, எங்கே நிறுத்தி என்று அது உங்களிடம் கேட்காது. நீங்களே செய்யத் தொடங்கினால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் ஒரு ஓட்டை கூடப் போட முடியாது.

கடையில் பெரிய விலைக்குப் போகிற பெயர்களும் இப்படித் தொடங்கினவைதான். ஷ்வார்ட்ஸ்வால்டில் நீடர்எஷாக் என்ற சின்ன ஊரில் இருக்கிற டூராடெக்கை எடுங்கோ. 1990 இல் ஹெர்பர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற மோட்டார்சைக்கிள் பயணி அதைத் தொடங்கினபோது கையில் இருந்தது பெட்டி அல்ல, தூரமும் வேகமும் காட்டுகிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அலுமினியப் பெட்டி பிறகுதான் வந்தது, உலகம் முழுக்கப் போனது. 2017 இல் நிறுவனம் திவாலாகி வேறு கைக்கு மாறியது, பெட்டி இன்றைக்கும் விற்கிறது. தனக்குத் தேவையானதைத் தானே செய்கிற பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதில்லை.

சரி, எதைப் பூட்டப் போகிறோம்? இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. ஜெர்மன் காப்புறுதி நிறுவனங்களின் சங்கம் வெளியிடுகிற மாதிரி நிபந்தனைகளில் ஹெல்மெட்டுக்கு ஒரு வரி உண்டு. நிறுத்தின வாகனத்தோடு, உடைக்காமல் எடுக்க முடியாத மாதிரி அது இணைந்திருந்தால் டைல்காஸ்கோவில் அடங்கும். கைபேசி, பயணச் சாமான், சொந்தப் பொருட்கள் அடங்காது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கு என்று ஒருக்காத் திறந்து பாருங்கோ. ஆனால் பொதுவான அர்த்தம் தெளிவு: ஹெல்மெட், மழை உடுப்பு, ஆயுதப் பை, இவைதான் பெட்டிக்குரிய சாமான். லேப்டொப்பைப் பூட்டிவிட்டு இரவு முழுக்கத் தெருவில் விட்டால், அது களவு போகிற அன்றைக்கு நீங்கள் தனி ஆள்.

இதைத் தெரிந்துகொண்டால் பூட்டின் வேலையும் தெரியும். பெட்டி பேங்க் லொக்கர் இல்லை. நீங்கள் கடைக்குள் போய் வருகிற இருபது நிமிசத்தில், போகிற வழியில் கை நீட்டுகிறவனைத் தடுத்தால் போதும். அவன் பூட்டை நோண்ட மாட்டான். மூடியின் விளிம்புக்குள் பெரிய ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்புவான். அதனால் காசையும் கவனத்தையும் விளிம்பில் போடுங்கோ. மூடியின் ஓரம் பெட்டிக்கு வெளிப்பக்கமாக இரண்டு சென்டிமீட்டராவது மடிந்து இறங்க வேணும். பூட்டு ஒன்றானாலும், மூடியைப் பிடிக்கிற கொக்கி இரண்டு இடத்தில் இருக்க வேணும். பிணைச்சலின் கம்பி வெளியே தெரியக் கூடாது.

அடுத்தது றிவிட். வெளியில் தெரிகிற றிவிட்டை ஒரு பற்றரி ட்ரில் அரை நிமிசத்தில் தின்றுவிடும். அதற்குப் பதில் பவ்மார்க்டில் டி.ஐ.என். 603 என்று கேளுங்கோ. தலை வழவழப்பாக வட்டமாக இருக்கும், கழுத்து சதுரம், நட் உள்பக்கம். வெளியிலிருந்து பிடிக்க ஒன்றுமே இல்லை. தகட்டில் சதுர ஓட்டையை அரத்தால் ராவி எடுக்க வேணும், பொறுமை தேவை. அந்த போல்ட்டுக்கு ஜெர்மனில் பெயரே ஷ்லொஸ்ஷ்ரௌபே, அதாவது பூட்டு ஆணி. இரும்பு வேலை செய்கிறவரை இந்த நாட்டில் ஷ்லொஸர் என்று கூப்பிடுகிறதும் அதே சொல்லிலிருந்துதான். தகடு வளைக்க உங்கள் ஊர் ஷ்லொஸரிடம் ஒரு கடதாசி மாதிரியைக் கொண்டு போங்கோ. சிரித்துக்கொண்டே செய்து தருவார்.

இனிப் பாரம். 40 × 30 × 30 சென்டிமீட்டர் பெட்டிக்கு 0.66 சதுர மீட்டர் தகடு வேணும். 2 மில்லிமீட்டர் அலுமினியம் என்றால் வெறும் தகடே மூன்றரைக் கிலோ. 1.5 மில்லிமீட்டர் என்றால் 2.7 கிலோ. கடைப் பின்பெட்டிகள் பலவற்றின் கையேட்டில் 5 கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெட்டி உடையும் என்பதற்காக மட்டும் இல்லை. இரண்டு சில்லுக்கும் நடுவே 1.4 மீட்டர், பெட்டியின் நடு பின்சில்லின் அக்சிலுக்கு 35 சென்டிமீட்டர் பின்னால் என்று வையுங்கோ. 8 கிலோ ஏற்றினால் பின்சில்லில் 10 கிலோ கூடும், முன்சில்லில் 2 கிலோ குறையும். அவ்டோபானில் 130 இல் ஹாண்டில் ஆடத் தொடங்குகிறதுக்கு இது உதவி செய்யும். ஆகவே பெரிய பெட்டியை உயரத்தில் வைக்கிற ஆசையை விடுங்கோ. சின்னதாக, பதிவாக, எவ்வளவு முன்னுக்குத் தள்ளலாமோ அவ்வளவு முன்னுக்கு வையுங்கோ. எந்தக் கடைப் பெட்டியும் உங்கள் பைக்கில் அந்த வெற்றிடம் எங்கே இருக்கு என்று அறியாது.

இப்போது எல்லோரும் பயப்படுகிற இடத்துக்கு வருவோம். "இங்க ஒண்டையும் தொடக் கூடாது, ட்யூஃப் விடாது." வீட்டில் இதைக் கேட்டு வளராதவர்கள் எங்களில் யார்?

எஸ்-டே-ஃபௌ-ட்செட்-ஓ வின் 19 ஆம் விதி சொல்வது இதுதான்: மாற்றத்தால் வாகனத்தின் வகை மாறினால், மற்றவர்களுக்கு ஆபத்து வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தால், அல்லது புகையும் சத்தமும் மோசமானால், ஓடுவதற்கான அனுமதி அற்றுப்போகும். 30சி விதி, தேவையில்லாமல் நீட்டிக்கொண்டு ஆளைக் குத்துகிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. நம்பர் தகடு, பின்லைட், இண்டிகேட்டர் மறையக் கூடாது. கழற்றி எடுக்கிற பெட்டி என்றால், சடாரென்று பிரேக் பிடித்தாலும் விழாதபடி சுமையைக் கட்டு என்கிற வீதிச் சட்டத்தின் 22 ஆம் விதியும் இருக்கு. இவை எல்லாம் நல்ல விதிகள். மூலைகளை வட்டமாக்கு, பைக்கின் சட்டத்தில் ஓட்டை போடாதே, வெல்டிங் பண்ணாதே, கம்பனி தந்த போல்ட் இடங்களில் மட்டும் பிடி என்று நான் சொல்கிறதும் அதைத்தான். நிரந்தரமாகப் பொருத்தப் போகிறீர்கள் என்றால், வெட்ட முதல் ஒரு படத்தோடு பரிசோதகரிடம் போங்கோ. 21 ஆம் விதியின் கீழ் ஐன்ட்செல்அப்னாமே என்று ஒரு வழி இருப்பதே தனி ஆட்கள் செய்கிற வேலைக்காகத்தான். முதலில் கேட்கிறவனோடு அவர்கள் நன்றாகக் கதைப்பார்கள்.

எங்கட அப்பா அம்மாமாரின் பயம் சும்மா வந்ததில்லை. 83க்குப் பிறகு வந்தவர்களில் எத்தனையோ பேர் டுல்டுங்கைப் புதுப்பித்துப் புதுப்பித்து வருசக்கணக்கில் இருந்தவர்கள். அகதி விண்ணப்பம் போட்டவர் அனுமதி இல்லாமல் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. ஒரு சின்னத் தண்டப்பணம் கூடக் கோப்பில் ஏறிவிடுமோ என்று யோசித்த வாழ்க்கை அது. அதே ஆட்கள்தான் ஊரில் பொருளாதாரத் தடைக்குள் மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள். இங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டது காகிதத்துக்காக. எங்களுக்கு அந்தக் காகிதப் பிரச்சினை இல்லை, விதியை ஜெர்மனில் வாசிக்கவும் தெரியும். இருந்தும் "தொடக் கூடாது" என்பதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, கை வேலையை அவர்களோடு விட்டுவிடப் பார்க்கிறோம். எனக்கு உறுத்துகிறது இதுதான்.

கடைசியாக, எபிசோடின் கேள்விக்கு என் பதில். பெட்டிக்கு ஆப் பூட்டு வேண்டாம். குளிரில் பற்றரி இறங்கும், கம்பனி மூடினால் ஆப்பும் போகும். ஒரு நல்ல சிலிண்டர், இரண்டு திறப்பு, ஒன்று வீட்டில். ஏர்டேக் போடுகிற ஆட்கள் மூடின அலுமினியத்துக்குள் போடாதேங்கோ, தகடு சிக்னலை விழுங்கும். சீட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் பக்கம் வையுங்கோ.

இந்தச் சனிக்கிழமை கடதாசி மட்டையில் பெட்டியின் மாதிரியை வெட்டி பைக்கில் வைத்துப் பாருங்கோ. அப்பா வீட்டில் இருந்தால் அவரையும் கராஜுக்குக் கூப்பிடுங்கோ. அளவு எடுக்க இன்னொரு ஆள் வேணும்.

அடுத்த கிழமை சந்திப்போம்.