60 நாளா, 90 நாளா: இழப்பீட்டுத் தீர்ப்பும் தாமத மனுவும்

இழப்பீடு வழங்கச் சொல்லும் உரிமையியல் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, இந்தியச் சட்டத்தில் முன்கூட்டியே அவகாசம் வாங்கிக்கொள்ள வழியில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கெடு முடியும் முன்போ, முடிந்த 30 நாளுக்குள்ளோ விசாரணை நீதிமன்றத்திடமே நீட்டிப்புக் கேட்கலாம். இங்கே கெடு தவறிய பிறகு, மேல்முறையீட்டோடு சேர்த்து 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோர வேண்டும். ஆகவே தாமதத்துக்கு என்ன காரணம் என்பதற்கு முன், கெடு எந்த நாளில் முடிந்தது என்ற கேள்விக்கு விடை வேண்டும். திருப்பூர் பனியன் தொழில் வழக்குகளில் சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சாதாரண உரிமையியல் வழக்கில் கணக்கு எளிது. காலவரையறைச் சட்டத்தின் 116ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள். ஆனால் பனியன் தொழிலில் எழும் இழப்பீட்டு வழக்குகள் பலவும் சாதாரண வழக்குகள் அல்ல. ஷேடு மாறியதால் பையர் திருப்பிய துணிக்குச் சாயப்பட்டறை மீது கேட்கும் நட்டம், தாமதமான ஜாப் ஒர்க்கால் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பிய செலவு, ஒப்பந்த விலைக்கு நூல் தராத மில் மீதான கோரிக்கை ஆகியவை எல்லாம் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் சொல்லும் வணிகத் தகராறுகள். 2018 திருத்தம் அதன் குறைந்தபட்ச மதிப்பை 3 லட்சம் ரூபாயாக்கிவிட்டதால், ஒரு சிறு ஆர்டர் தகராறே அதற்குள் வந்துவிடும். அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு தரும் காலம் தீர்ப்பு நாளிலிருந்து 60 நாள். மேல்முறையீடு சென்னைக்குப் போனாலும், மாவட்ட அளவிலான வணிக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனாலும் அதே 60 நாள்தான். வழக்கு சாதாரண வழக்குக்குரிய ஓ.எஸ். எண்ணில் நடந்ததா, வணிக வழக்காகப் பதிவாகி நடந்ததா என்று தீர்ப்பின் முதல் பக்கத்தைப் பார்ப்பது அரை நிமிட வேலை.

ஒரு கற்பனைக் கணக்கு. தீர்ப்பு ஜூன் 2. சான்று நகலுக்கு விண்ணப்பம் ஜூன் 16. நகல் தயார் ஜூலை 7. நகல் பெறத் தேவைப்பட்ட 22 நாளும் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி கழிபடும். 90 நாள் என்று எண்ணுபவருக்குக் கடைசி நாள் செப்டம்பர் 22. உண்மையில் அது வணிக வழக்கானால் கடைசி நாள் ஆகஸ்ட் 23. செப்டம்பர் 20 அன்று நிம்மதியாகத் தாக்கல் செய்தவர் 28 நாள் தாமதித்தவர். தாமத மனுவே இல்லாமல் வந்து நிற்பவரும் கூட. நகல் விண்ணப்பம் போடும் முன் நீதிமன்றம் தீர்ப்பாணை தயாரிக்க எடுத்துக்கொண்ட காலம் கழிபடாது. நகலுக்கான ஸ்டாம்பைக் கட்டாமல் கட்சிக்காரர் இழுத்தடித்த நாட்களும் தேவைப்பட்ட காலம் ஆகாது. நகலை நீதிமன்றமே அனுப்பிவைக்கும் என்று காத்திருந்ததாகச் சொல்வதும், ஜார்கண்ட் மின்னுற்பத்திக் கழகத்துக்கும் பெல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எடுபடாது.

வேறு சட்டங்கள் வேறு கெடு வைத்திருக்கின்றன. மோட்டார் விபத்து இழப்பீட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி 90 நாள். பணம் கட்ட வேண்டியவர் 25,000 ரூபாய் அல்லது தொகையில் பாதி, இவற்றில் குறைந்ததைக் கட்டினால்தான் முறையீடு ஏற்கப்படும். பசுமைத் தீர்ப்பாயம் விதித்த இழப்பீடானால் உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள். போதிய காரணம் இருந்தால் அதற்குப் பின்னும் ஏற்கலாம். நடுவர் தீர்ப்பில்தான் கதவு முழுக்க மூடுகிறது. நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் மூன்று மாதமும், காரணம் காட்டினால் மேலும் 30 நாளும். அதற்கப்பால் ஒரு நாளைக்கூட நீதிமன்றத்தால் மன்னிக்க முடியாது. ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நிலுவைத் தொகைக்காகக் குறு, சிறு தொழில் வசதி மன்றத்தில் பெறும் தீர்ப்புக்கும் இதே கெடுதான். அதை எதிர்க்கத் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்ட வேண்டும் என்பதால், பணம் திரட்டவே கெடு கரைந்துவிடுகிறது.

இனிக் காரணம். 'போதிய காரணம்' என்பதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்ற வழி சென்னை உயர் நீதிமன்றத்தின் கிருஷ்ணா எதிர் சாத்தப்பன் வழக்கிலிருந்து, 1890 வாக்கிலிருந்தே வருகிறது. 1961இல் ராம்லால் எதிர் ரேவா நிலக்கரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தமிழகத்திலிருந்து போன என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி வழக்கு (1998) அந்த வழியின் உச்சம். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரிய மனு தள்ளுபடியான உத்தரவை விலக்கக் கேட்பதில் ஏற்பட்ட 883 நாள் தாமதம் 10,000 ரூபாய் செலவுத்தொகையோடு மன்னிக்கப்பட்டது. எத்தனை நாள் என்பதைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது அத்தீர்ப்பு. தாமத மனுக்களில் இன்றும் இது தவறாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அந்தக் கட்சிக்காரர் தம் வழக்கறிஞர் மீது நுகர்வோர் மன்றத்துக்கே போய் இழப்பீடு பெற்றவர் என்ற பகுதியைப் படித்ததாகப் பல மனுக்களில் தெரிவதில்லை. வழக்கறிஞர் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதுவது வேறு, அதை நம்பவைக்கும் ஆவணத்தோடு வருவது வேறு.

காற்று இப்போது திசை மாறியிருக்கிறது. வணிக மேல்முறையீட்டில், மகாராஷ்டிர அரசு எதிர் போர்ஸ் பிரதர்ஸ் (2021) தீர்ப்பு, மன்னிப்பு விதிவிலக்கே, விதியல்ல என்று வைத்தது. நல்லெண்ணத்தோடு நடந்தவரின் சிறு தாமதத்துக்கே இடம். 131 நாள் தாமதம் அங்கே தப்பவில்லை. சாதாரண வழக்கிலும், தமிழகத்து வழக்கான திருநாகலிங்கம் எதிர் லிங்கேஸ்வரனில் (மே 2025), உயர் நீதிமன்றம் மன்னித்த 1,116 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மறுத்தது. தாமத மனுவை மூல வழக்கின் நியாயத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பது அதன் சாரம். வழக்கில் நமக்கே வெற்றி என்று பத்துப் பத்தி எழுதிவிட்டு, தாமதத்துக்கு உடல்நலக்குறைவு என்று இரண்டு வரி எழுதும் பிரமாணப் பத்திரங்களுக்கு இனி ஆயுள் குறைவு.

திருப்பூரில் அடிக்கடி எழும் காரணங்களை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். ஆர்டர் இல்லை, கையில் பணம் இல்லை என்பது தனியாக நிற்காது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காட்டு வரி ஒரு யூனிட்டை முடக்கியது உண்மையாக இருக்கலாம். அது நீதிமன்றக் கட்டணம் திரட்ட எந்த வாரத்தில் எப்படித் தடையானது என்பதை வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். பட்டறை மூடிக் கிடந்தது என்பதும் அப்படியே. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 ஜனவரி 28 உத்தரவுக்குப் பின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது உரிமையாளர் எங்கே போனார், கடிதம் யார் கையில் சேர்ந்தது என்பதே கேள்வி. பங்குதாரர்களுக்குள் பிரிவினை வந்து கோப்பு ஒருவரிடம் சிக்கிக்கொண்டது என்பதற்குப் பிரிவினைப் பத்திரமும் கேட்டு எழுதிய கடிதமும் வேண்டும். கணக்காளர் வேலையை விட்டுப் போனார் என்பது கிட்டத்தட்ட எல்லா மனுவிலும் வருவதால் தன் எடையை இழந்துவிட்டது. ஒருதலைத் தீர்ப்பை நீக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் 9ஆம் ஆணை 13ஆம் விதியில் உண்மையாகப் போராடிய காலம் மட்டும் நல்ல காரணம். பிவ்சந்திர மோரே வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது.

கட்சிக்காரர் அதிகம் அறியாத இடர் வேறொன்று. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 41ஆம் ஆணை 3அ விதியின்படி தாமத மனு முதலில் முடிவாக வேண்டும். முறையீட்டை விசாரணைக்கு ஏற்கும்வரை நிறைவேற்றத்துக்குத் தடை கொடுக்கக் கூடாது. மனு நிலுவையில் இருக்கும் மாதங்களில் எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போட்டு கரண்ட் அக்கவுண்டையும் நிட்டிங் மெஷினையும் ஜப்தி செய்யலாம். தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியைத் தாமே கட்ட முன்வருவது இங்கே உதவும். நல்லெண்ணத்தைக் காட்டுவதோடு, பின்னால் தடை கேட்கும்போதும் பணத் தீர்ப்புக்கு வைப்போ பிணையோ எப்படியும் வேண்டியிருக்கும். நிபந்தனையோடு மன்னிப்புக் கிடைத்தால், அந்தத் தேதியும் ஒரு கெடுவே. தவறினால் மனு தானாகத் தள்ளுபடியாகும்படியே பல உத்தரவுகள் எழுதப்படுகின்றன.

மனு தள்ளுபடியானால் சாதாரண வழக்கில் முதல் முறையீடே காலம் கடந்ததாகத் தள்ளுபடியானதாகும். அது தீர்ப்பாணைக்குச் சமம் என்று ஷ்யாம் சுந்தர் சர்மா வழக்கு (2005) சொல்வதால், மாவட்ட நீதிமன்றம் தள்ளியதை இரண்டாம் மேல்முறையீட்டில் எதிர்க்கலாம். வணிக வழக்கில் 13ஆம் பிரிவு அடுத்த முறையீட்டை அடைத்துவிடுகிறது. உயர் நீதிமன்றம் தள்ளினால் எஞ்சுவது அரசமைப்பின் 136ஆம் கூறின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. அதற்குக் கெடு 90 நாள்.