எந்தக் களைப்பு?

மாட்ரிட் குழுவோடு வீடியோ கூட்டம். வேலைக்காக அரைகுறையாகக் கற்ற ஸ்பானிய மொழியில் "சோய் கன்சாதோ" என்றேன். சிரித்துவிட்டார்கள். நான் சொன்னது "களைப்பா இருக்கு" இல்லையாம், "நான் ஒரு அறுவை" என்பதாம்! களைப்புக்கு "எஸ்தோய் கன்சாதோ". பெண்கள் சொன்னால் "கன்சாதா". சக்தியே தீர்ந்துபோனால் "அகோதாதோ". கடையில் சரக்கு தீர்ந்தாலும் அதே சொல்தான். நம்ம "அலுப்பு" மட்டும் என்னவாம், உடம்புக்கும் மனசுக்கும் ஒன்றுதானே?

அன்று மாலை, மிங்கலா தாங்ஞுன்ட் வீட்டுக்கு அம்மா சந்தையிலிருந்து மூன்று மாடி ஏறி வந்தார். லிஃப்ட் கிடையாது. "மோடெடா தம்பி" என்று உட்கார்ந்தார். ஒரு மாதமாக இதே பேச்சு. நானும் "ரெஸ்ட் எடுங்கம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது. பர்மிய மொழியில் வேலை செய்து களைத்தால் "பின்பான்டெ" என்பார்கள். "மோடெ" என்றால் களைப்பாகவும் இருக்கலாம், மூச்சிரைப்பாகவும் இருக்கலாம்.

"அசதியாம்மா, மூச்சு வாங்குதா?"

"மூச்சுதான்டா. ராத்திரி படுத்தாலும் வாங்குது. அதைத்தானே தினமும் சொல்றேன்!"

மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போனோம். கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார்.