முகத்துக்கு வேண்டுவது குளிர்ச்சியா, வெளுப்பா?

சம்பளப் பணம் இக்காலத்தில் கையிற் கொடுக்கப்படுவதில்லை. வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. ஆயினும் சம்பளத் தேதி எதுவென்பதை, தோட்டத்துக்குள் வரும் வியாபாரிகள் ஒருவரும் மறப்பதில்லை. நாம் கணக்கெழுதும் கெடா மாநிலத் தோட்டத்தில், அன்று மாலை லயத்து முனையில் துணி வண்டி ஒன்று நிற்கும். பலகார வண்டி ஒன்று நிற்கும். இவ்விரண்டையும்விடப் பெருங்கூட்டத்தோடு முகப்பூச்சு வண்டி ஒன்றும் நிற்கும். ஆங்கிலம் படித்த கிராணி என்னும் ஒரே காரணத்தால், அங்கே வாங்கிய சிமிழ்களைப் பெண்கள் நம்மிடம் கொண்டுவந்து, அதிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும்படி கேட்பதுண்டு.

அப்படி ஒரு சிமிழ் அண்மையில் நம் மேசைக்கு வந்தது. மூடியின்மேல் பால்போன்ற நிறத்தில் ஒரு மங்கை சிரிக்கிறாள். செய்தவர் பெயரில்லை, ஊரில்லை, பதிவெண்ணுமில்லை. ஆனால் ஒரு வாசகம் மட்டும் தெளிவாயிருந்தது: பொன், வெள்ளி நகைகளிற் படாமற் பூசிக்கொள்க என்பதே அது. கொண்டுவந்த அம்மையாரிடம் பொருளைச் சொன்னோம். அது தமக்கு முன்னமே தெரியுமென்றும், வண்டிக்காரர் சொன்னபடி தாலியைக் கழற்றி வைத்துவிட்டே நாள்தோறும் பூசுவதாகவும் அவர் விடை சொன்னார்.

தாலியைக் கழற்றுவதில் நமக்கொன்றும் ஆட்சேபமில்லை. ஆனால் எதற்காகக் கழற்றச் சொன்னான் என்பதையல்லவா கேட்கவேண்டும்? பொன்னோடு சேர்ந்து அதை வெளிறச் செய்யும் பொருள் பாதரசம். முகப்பூச்சின் மேலுறையில் நகை, வெள்ளி, ரப்பர், அலுமினியம் இவற்றிற் படவிடாதே என்ற எச்சரிக்கை காணப்படின், உள்ளே பாதரசம் இருக்கக்கூடும் என்பதற்கு அதுவே ஓர் அடையாளமென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. பொன்னுக்குக் கேடு வருமென்று எழுதிவைத்தவன், பெண்ணுக்குக் கேடு வருமென்று ஏன் எழுதவில்லை? பொன்னின் விலை அவனுக்குத் தெரியும். கித்தா மரத்தடியிலும் செம்பனைக் காட்டிலும் உழைப்பவளுக்கு அவன் வைத்திருக்கும் விலை என்னவென்று நமக்கும் தெரிந்துவிட்டதன்றோ?

அச்சிமிழின் விலை 60 வெள்ளி. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 நாளாற் பகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆகவே ஒரு நாள் முழுதும் கொக்கியும் கூடையுமாய்க் காட்டில் அலைந்த கூலியை ஒரு சிமிழ் விழுங்கிவிட்டு, 5 வெள்ளி 38 காசை மிச்சம் வைக்கிறது. இது கிராணியின் கணக்கு. வைத்தியரின் கணக்கு இதனினும் கொடிது.

நம் தோலில் நிறத்தை உண்டாக்கும் சத்து ஒன்றுண்டு. அது விளைய உதவும் நொதியைப் பாதரசம் முடக்குகிறது. நிறம் மங்குவது அதனால்தான். பூசியது தோலோடு நில்லாமல் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்திற் போய்த் தங்குகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவருள் 15 பேருக்கு அந்நோயின் அரியதொரு வகை காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள்! களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர்க்கு நோய் தணிந்தது என்றும் அவ்வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். பூசியவளோடும் தீங்கு நின்றுவிடுவதில்லை. துவாலையிலும் தலையணையிலும் அது ஒட்டுகிறது. தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்துறங்கும் குழந்தைக்கும் போகிறது.

நிற்க. வண்டிக்காரனை வைதுவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியுமா? அவன் சரக்கைக் கொண்டுவந்தான். தேவையைக் கொண்டுவந்தவர் யார்? நாமல்லவா? பெண் பிறந்ததும் தொட்டிலை எட்டிப் பார்த்து நிறத்தை விசாரிப்பவர்கள் நாம். சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் மாடிவீட்டில் இருந்துகொண்டு, "சிவந்த மேனி" வேண்டுமென்று கலியாண விளம்பரம் எழுதுகிறவர்களும் நாமே. (வெளுப்பைச் சிவப்பென்று சொல்லும் விந்தை நம் பேச்சில் எப்படிப் புகுந்ததோ! நம்மில் எவரும் செங்கல் நிறத்தில் மருமகள் தேடுவதாகத் தெரியவில்லை.) பட்டணத்தார் தோட்டத்துப் பெண்ணின் 60 வெள்ளிச் சிமிழைப் பார்த்து நகைப்பர், தம் வீட்டிலோ பன்மடங்கு விலையில் பளபளக்கும் குப்பியொன்றை "நேச்சுரல் சீரம்" என்று வைத்திருப்பர். குப்பி வேறாயினும் வெட்கம் ஒன்றே.

அவ்வெட்கத்தை விற்றுப் பிழைத்த வரலாறும் நெடியது. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டில் "பேர் அண்டு லவ்லி" என்ற பூச்சு சந்தைக்கு வந்தது. வெளுத்தால் வேலை கிடைக்கும், வெளுத்தால் மாப்பிள்ளை கிடைப்பான் என்று அதன் விளம்பரங்கள் ஒரு தலைமுறைக்குமேல் பாடம் நடத்தின. சென்னையிலிருந்து 2009-இல் "கருமை அழகே" என்று பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கம் கிளம்பிற்று; நடிகை நந்திதா தாஸ் 2013-இல் அதற்குத் தம் முகத்தைத் தந்தார். உலகெங்கும் நிறவெறிக்கெதிராக மக்கள் தெருவுக்கு வந்த 2020-ஆம் ஆண்டில், அந்நிறுவனம் பூச்சின் பெயரிலிருந்த "பேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "குளோ" என்ற சொல்லை வைத்துக்கொண்டது. பெயர் மாறிற்று. தொட்டிலை எட்டிப் பார்க்கும் கண் மாறிற்றா?

வெயிலில் நிற்பவளுக்கு இந்த வெளுப்பு எவ்வளவு அநீதியானது என்பதை அறிவு கொண்டு பார்ப்போம். தோலின் கருமை என்பது சூரியனின் கடுங்கதிரைத் தாங்கும்பொருட்டு உடல் தானே பிடித்துக்கொள்ளும் குடை. செம்பனை உதிரி பொறுக்குகிறவளிடமிருந்தும், நாற்றுமேட்டில் குனிந்து நிற்கிறவளிடமிருந்தும் அக்குடையைப் பறித்துக்கொண்டு, அதற்காக அவளிடமே ஒருநாட் கூலியும் வாங்குவது எந்த ஊர் நியாயம்? அவள் முகத்துக்கு உண்மையில் என்ன குறை? வெயிற்காந்தல், வியர்க்குரு, கொசுக்கடி, முகமூடி உராய்ந்த தடிப்பு. இவற்றுக்கு வேண்டுவது குளிர்ச்சி. வெளுப்பு இவற்றில் ஒன்றுக்கும் மருந்தன்று.

இதை நம் அண்டை வீட்டார் நம்மினும் நன்றாய் அறிந்திருந்தனர். கெடா இந்நாட்டின் நெற்களஞ்சியம். மூடா நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து 1970 முதல் அங்கே இருபோகம் விளையத் தொடங்குவதற்கு முன்பிருந்தே, வயலில் இறங்கும் மலாய்ப் பெண்கள் முகத்தில் அப்பிக்கொள்ளும் மாவு ஒன்றுண்டு. அரிசியைத் தாழியில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றிப் பல நாள், சில வீடுகளில் பல வாரம், புளிக்கவிடுவர். அரிசி விரலிடையிற் குழையும் பதத்தில் அரைத்து வடிகட்டி, துணியின்மேற் சொட்டுச் சொட்டாக இட்டு வெயிலில் உலர்த்துவர். மணத்துக்குப் பாண்டான் இலை சேர்ப்பர். வேண்டும்போது இரண்டு பொட்டை நீரிற் குழைத்துப் பூசினால் முகம் சில்லென்றிருக்கும். அதன் பெயரைக் கவனியுங்கள்: "பெடாக் செஜூக்". குளிர்ந்த மாவு என்பது பொருள். வெண்மாவு என்றோ வெளுப்பு மாவு என்றோ அதைச் செய்தவர்கள் பெயரிடவில்லை. இப்பொழுது அதையும் உறையிலிட்டு "முகம் வெளுக்கும்" என்று அச்சடித்து விற்கும் புண்ணியவான்கள் புறப்பட்டிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கிழிந்த வாளியிலும் பழைய தகரத்திலும் வளரும் சோற்றுக்கற்றாழையும் இத்தகையதே. சீரம் என்று கடையிற் சொல்லுகிறார்களே, அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முற்றிய புறமடல் ஒன்றை அடியோடு அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் நிறுத்தி வைக்கவேண்டும். மஞ்சட் பால் ஒன்று வடியும். அது தோலை அரிக்கும், ஆதலால் அவசரப்படலாகாது. பிறகு தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைக் கொதித்தாறிய நீரில் இருமுறை கழுவி, மசித்து, சுத்தமான துணியில் வடிகட்டவேண்டும். பத்துக் கரண்டிச் சாற்றுக்கு மருந்துக்கடைக் கிளிசரின் அரைக்கரண்டி போதும். அது ஈரத்தைத் தோலில் நிறுத்தும். வெந்நீரிற் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளைக்குமேல் வைத்துக்கொள்ளாமற் கொட்டிவிடவேண்டும். கடைக்குப்பியில் அழுகாமற் காக்கும் மருந்து உண்டு. நம் குப்பியில் அது இல்லை. வாசனை கெடாதிருந்தாலும் கிருமி வளர்ந்திருக்கும். முதன்முறை முகத்தில் தொடுமுன் முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கற்றாழை ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள்.

இச்சாறு என்ன செய்யும்? எரிச்சலைச் சற்றுத் தணிக்கும், ஈரம் தரும். அவ்வளவே. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்குமேல் தண்ணீர். நம்மவரோ இதையும் விடுவதில்லை! "கற்றாழையோடு எலுமிச்சைச்சாறு சேர், ஒரே வாரத்தில் சிவப்பாய்விடுவாய்" என்று ஒரு வைத்தியம் கைபேசிக்குக் கைபேசி பறக்கிறது. எலுமிச்சைச்சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்து, மாதக்கணக்கில் மாறாத கருந்தழும்பு உண்டாகும். காலை வெயிலுக்குப் போகும் பெண்ணுக்கு இதைவிடப் பெருந்தீங்கு சொல்ல ஒரு பகைவனாலும் ஆகாது. சோடா உப்பும் பற்பசையும் அப்படியே. இயற்கையானது கெடுதல் செய்யாது என்பார் நம் பெரியவர். அரளியும் இயற்கையே, எருக்கம்பாலும் இயற்கையே. மேலே சொன்ன பாதரசமும் பூமியில் விளைந்ததுதான், ஆலையிற் பிறந்ததன்று. பழமை என்ற பெயரில் வந்தாலும், இயற்கை என்ற பெயரில் வந்தாலும் ஏன், எப்படி என்று கேட்கிற உரிமையை நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

மருந்தடிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2002-இல் தடுக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் விடப்பட்டு, 2020 ஜனவரி முதல் நாளில் இறுதியாய் விலக்கப்பட்ட பாரகுவாட் எத்தனை பேர் நகத்தையும் தோலையும் தின்றதென்று மூத்தவர்களைக் கேளுங்கள். இன்று அடிக்கும் மருந்துகளும் பன்னீரல்ல. அது முகத்திற் பட்டால் கற்றாழையைத் தேடி ஓடவேண்டாம். ஓடுகிற நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, மருந்தின் பெயரோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அன்றைக்குப் பேர் போடுவதைக் கிராணி பார்த்துக்கொள்வார்.

கடையில் வாங்கித்தான் தீருவோம் என்பவர்கள் மேலுறையிற் பதிவெண்ணைப் பார்க்கவேண்டும். என், ஓ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களில் தொடங்கிக் கே என்பதில் முடியும் எண் அது. மலேசியாவில் 1984-ஆம் ஆண்டு விதிகளின்படி, சுகாதார அமைச்சுக்கு அறிவிக்காத பூச்சை விற்கும் தனியாளுக்கு முதற் குற்றத்துக்கே 25,000 வெள்ளிவரை அபராதமோ மூன்றாண்டுவரை சிறையோ உண்டு. எண் இருந்தால் அரசாங்கம் சோதித்துப் பார்த்தது என்று கொள்ளலாகாது. விற்பவன் அறிவித்தான் என்பதே அதன் பொருள். அறிவித்தபின் பாதரசமோ ஹைட்ரோகுவினோனோ கண்டுபிடிக்கப்பட்டு எண்ணை இழந்த பூச்சுகளின் பெயர்களை அமைச்சு அவ்வப்பொழுது வெளியிடுகிறது. அப்பட்டியல்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. அவற்றைத் தமிழிற் பெயர்த்து லயத்துச் சுவரில் ஒட்டுவது, ஆண்டுக்கொரு பட்டிமன்றம் நடத்தும் நம் பட்டணத்துச் சங்கங்களுக்கு அரைநாள் வேலை.

சிமிழ் கொண்டுவந்த அம்மையார், விஷயம் அறிந்ததும் அதை அடுப்பிற் போட்டுவிடுவதாகச் சொன்னார். கூடாதென்று தடுத்தோம். சூட்டில் பாதரசம் ஆவியாகி வீட்டிலுள்ளோர் மூச்சிற் போகும். வாய்க்காலில் எறிந்தால் மீனுக்குப் போகும். மூடியை இறுக்கி, நெகிழிப்பையில் இட்டுக் கட்டி, நம் ஆபீசு அலமாரியிற் பூட்டி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் அலோர் ஸ்டார் செல்லும்போது சுகாதார இலாகாவின் மருந்தக அமலாக்கப் பிரிவில் ஒப்படைப்பதாக இருக்கிறோம். இதற்குள் லயத்திலிருந்து மேலும் நான்கு சிமிழ்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.