இறுதிச் சாய்கோடு யாருடைய பொறுப்பு?

'வேலை கொடுத்தான்', 'வேலைக் கொடுத்தான்' ஆகிய இரண்டுக்கும் இடையே நிற்பது ஓர் ஒற்று மட்டுமே. முன்னதில் கிடைப்பது பணி. பின்னதில் கைமாறுவது வேல். இதை வகுப்பில் வலியுறுத்தும் கல்வியுலகம், இணைய முகவரியின் இறுதியில் வரும் சாய்கோட்டை மட்டும் அச்சுப்பிழையாக எண்ணித் துணைநூற்பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது.

இணைய முகவரிகளின் பொது இலக்கணம் 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986. அதன்படி, தளப்பெயரை மட்டும் கொண்ட முகவரியில் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருள் ஒன்றே. ஏனைய இடங்களில் கோடுள்ளதும் கோடில்லாததும் இருவேறு முகவரிகள். இரண்டுக்கும் ஒரே பக்கத்தைத் தருவதா என்பதை வழங்கியே முடிவு செய்கிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002இல் தொடங்கிய ஈபிரிண்ட்ஸ் களஞ்சியம் இதற்கு நல்ல சான்று. அங்கே ஒவ்வோர் ஆக்கத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை அடுத்துச் சாய்கோடு. கோப்புகளின் முகவரிகள் அக்கோட்டுக்குப் பின்னரே தொடர்கின்றன. ஆகவே அக்கோடு அலங்காரமன்று, வாயில். அதை விட்டுவிட்டுத் தட்டினாலும், ஈபிரிண்ட்ஸ் மென்பொருள் கோடுள்ள முகவரிக்குத் திருப்பிவிடும்.

எல்லாத் தளங்களும் இவ்வாறு அமைவதில்லை. சிலவற்றில் இரு வடிவங்களும் தனித்தனியே திறக்க, ஒரே கட்டுரை இரண்டாகப் பதிவாகிறது. வேறு சிலவற்றில் ஒன்று திறக்கும்; மற்றொன்று 'பக்கம் இல்லை' என்னும். ஆய்வேட்டை மதிப்பிடுபவர் இந்த இரண்டாம் வடிவத்தைச் சொடுக்கினால், மாணவர் இல்லாத சான்றைக் காட்டியதாகவே எண்ணக்கூடும்.

இன்றைய வழங்கிகள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும் என்பர். உண்மைதான், ஆனால் தளம் இடம்பெயரும் வரையில்தான். அறிவியல் கழகத்தின் தளப்பெயரே முன்பு 'ஐஐஎஸ்சி.எர்நெட்.இன்' என்றிருந்து, பின்னர் 'ஐஐஎஸ்சி.ஏசி.இன்' ஆயிற்று. நிறுவனங்கள் பெயர் மாறுவது இயல்பு. அச்சேறிய மேற்கோள் மாறாது. பழைய திருப்புவிதிகளைப் புதிய வழங்கிக்குக் கொண்டுசெல்ல மறந்தால், நேற்றுவரை திறந்த மேற்கோள்கள் ஒரே நாளில் அறுபடும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட தம் நூலக வகைப்பாட்டு முறைக்கு முக்காற்புள்ளியின் பெயரையே சூட்டினார். 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவியவரும் அவரே. ஒரு சிறு குறி அறிவை வகுக்கும் என்று காட்டியவரின் நான்காம் நூலக விதி, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது.

அவ்விதிப்படி, பொறுப்பின் பெரும்பங்கு நிறுவனத்தையே சாரும். ஒரு வடிவத்தைத் தேர்ந்து, மற்றதை 301 என்னும் நிலையான திருப்பத்தால் அதனுடன் இணைத்து, இடம்பெயரும்போதெல்லாம் அவ்விதியை உடன் கொண்டுசெல்வது அதன் கடமை. மாணவர் செய்யவேண்டியது சிறிது: பக்கம் திறந்தபின் உலாவியில் தெரியும் முகவரியை, கோட்டைக் கூட்டாமலும் குறைக்காமலும் படியெடுத்தல். ஒற்றைப் பிழையாக இடுவதற்குக் கூசும் கை, கோட்டை நீக்குவதற்கும் கூசட்டும்.