200-ல் சுற்றினால் எட்ஜ் ஃபைண்டர் என்ன சொல்லும்?

நேற்று பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அழாத குறை. டை பிளேட்டில் டவல் துளைகள் 0.05 மி.மீ. தள்ளிப் போய்விட்டனவாம், பின் இறங்கவில்லை. சம்பளத்தில் பிடிப்போம் என்கிறார்களாம்.

"முனையின் பாதி அளவைச் சேர்த்தாயா?"

"10 மி.மீ. முனை, 5 சேர்த்தேன் சார்."

"ஸ்பீடு?"

"200 சார். வேகமா ஓட்டினா ஸ்பிரிங் போயிடும்னு சூப்பர்வைசர் சொன்னார்."

இந்த அரைகுறைப் பயத்தை எத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்! எண்ட்மில் ஓட்டிய 2500-லேயே எட்ஜ் ஃபைண்டரையும் சுற்றவிட்டால் ஸ்பிரிங் நீண்டுவிடும், முனை பிய்ந்து பறக்கும். உண்மைதான். அதற்காக 200-க்கா இறங்குவது? ஆட்டம் அடங்கி, முனை சட்டென்று பக்கவாட்டில் உதறுமே, அந்த உதறலை வைத்துத்தான் விளிம்பைப் பிடிக்கிறோம். 200-ல் ஒரு சுற்றுக்கே 0.3 விநாடி. முனை சோம்பலாக நழுவும். கண் பிடிப்பதற்குள் டேபிள் தாண்டியிருக்கும். 600 முதல் 1000 வரை வையுங்கள். பெல்ட் மாற்றும் பழைய மெஷின் என்றால் அதற்குள் எந்தப் படி கிடைக்கிறதோ அது. 800-ஆ 900-ஆ என்று சண்டை போடுவது வெட்டி வேலை. கடைசித் தொடுதலில் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள், இரண்டு முறை தொட்டுப் பாருங்கள்.

(விளக்கு எரியும் எலக்ட்ரானிக் வகை வேறு. அதை ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டுத் தொடுங்கள்.)

பெல்ட் மாற்ற இரண்டு நிமிடம். அதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு பையனின் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். பிடித்தே தீர வேண்டும் என்றால், 200 வைக்கச் சொன்னவர் சம்பளத்தில் பிடியுங்கள் ஐயா.