இலவசச் சலுகையின் செலவுக் கணக்கு

ஒரே ஹோட்டல் குழுமத்தில் தொடர்ந்து தங்கி, அதன் உறுப்பினர் திட்டத்தின் உச்சப் படியை எட்டிவிட்டால், இலவசக் காலை உணவும் பெரிய அறையும் லவுஞ்ச் அனுமதியும் மாலை 4 மணி வரை அறையைக் காலி செய்யாதிருக்கும் உரிமையுமாகச் செலவழித்த பணம் திரும்பிவிடும், அதற்கு மேல் லாபமும் நிற்கும் என்ற எண்ணம் அடிக்கடி பயணம் செய்வோரிடையே வேரூன்றியிருக்கிறது. வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தை வெறுமையாக விட்ட பேரேட்டிலிருந்து பிறந்த எண்ணம் இது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தன் பயணிகளுக்கெனப் புள்ளித் திட்டம் ஒன்றைத் தொடங்க, 1983இல் ஹாலிடே இன், மேரியட் ஆகிய ஹோட்டல் நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. தங்கும் இரவுகளை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஏற்பப் படிநிலை வழங்குவது இன்றைய முறை. மேரியட் பான்வாய் திட்டத்தில் ஆண்டுக்கு 50 இரவுகள் தங்கினால் பிளாட்டினம், 75 தங்கினால் டைட்டானியம். அதற்கும் மேலுள்ள அம்பாசடர் படிக்கு 100 இரவுகளோடு 23,000 டாலர் செலவும் வேண்டும். ஹயாத்தின் குளோபலிஸ்ட் படிக்கு 60 இரவுகள். ஆண்டு பிறந்ததும் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால்தான், படியை எட்டச் சில இரவுகள் குறைந்தவர்கள் டிசம்பர் மாதத்தில் தேவையே இல்லாத ஊரில், தேவையே இல்லாத அறையை முன்பதிவு செய்கிறார்கள்.

பிளாட்டினத்துக்கு 12 இரவுகள் குறைகின்றன என்று வைத்துக்கொண்டால், இரவுக்கு 8,000 ரூபாய் வீதம் அந்தக் குறையை நிரப்ப 96,000 ரூபாய் ஆகும். இருவருக்கான காலை உணவை நாளொன்றுக்கு 2,000 ரூபாய் என்று தாராளமாகவே மதிப்பிட்டாலும், அந்தத் தொகையை ஈடுகட்ட அடுத்த ஆண்டில் 48 இரவுகள் அதே குழுமத்தில் தங்க வேண்டும். அந்த 48 இரவுகளுக்கும் தனியே பணம் கட்ட வேண்டும். இலவசத்தை உண்பதற்கே கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும் இந்த ஏற்பாட்டில் 2,000 ரூபாய் என்ற மதிப்பும் ஹோட்டல் தானே இட்ட விலைதான். அதே தெருவில் இட்லியும் வடையும் காபியும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்பதையும், பல இந்திய ஹோட்டல்களில் காலை உணவு சேர்ந்த கட்டணம் சேராத கட்டணத்தைவிடச் சிறிதே கூடுதல் என்பதையும் யாரும் கழித்துப் பார்ப்பதில்லை.

அறைக்கட்டணத்தைச் செலுத்துவது அலுவலகம், ஆகவே தனக்கு நட்டமில்லை என்பது வழக்கமான மறுமொழி. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அலுவலகம் அனுமதித்த வரம்புக்குள் மலிவான, வேலையிடத்துக்கு அருகிலுள்ள விடுதியை விட்டுவிட்டு, இரவுகளின் எண்ணிக்கைக்காகத் தொலைவிலுள்ள விலை உயர்ந்த அறையை ஊழியர் தேர்ந்தெடுக்கும்போது, புள்ளி அவருக்குப் போகிறது, வித்தியாசத் தொகை முதலாளியின் தலையில் விழுகிறது. செலவு மறையவில்லை, கைமாறுகிறது. வேலையின் நிமித்தம் எப்படியும் அங்கேயே தங்க நேர்பவர் வருவதை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. படிநிலைக்காகப் பயணத்தையே வளைப்பதுதான் பிரச்சினை.

சலுகையை அறிவிப்பவரும் அதை வழங்குபவரும் வேறு வேறு என்பது உறுப்பினர் பலருக்குத் தெரியாத செய்தி. இத்தகைய குழுமங்களின் பெயரில் இயங்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை பிற முதலீட்டாளர்களுக்குச் சொந்தமானவை. குழுமம் தன் பெயரையும் முன்பதிவு வசதியையும் நிர்வாகத்தையும் கொடுத்துக் கட்டணம் வாங்கிக்கொள்கிறது, உறுப்பினர் தங்கும்போது திட்டச் செலவுக்கென உரிமையாளரிடம் தனியாகவும் வசூலிக்கிறது. விலைக்கு விற்கக்கூடிய சூட் அறையை, அதாவது கூடம் தனியே அமைந்த பெரிய அறையை, சும்மா கொடுக்க அந்த உரிமையாளருக்கு என்ன அவசரம்? 'இருப்பைப் பொறுத்து' என்ற நிபந்தனை அவருக்குப் பாதுகாப்பாக அமைகிறது. குழுமத்தின் விதியே சில இடங்களில் கதவைச் சாத்திவிடுகிறது: மேரியட் குழுமத்தின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களின் கிளப் லவுஞ்சில் பான்வாய் திட்டத்தின் எந்தப் படியினருக்கும் படியின் பேரில் அனுமதி இல்லை.

படிகள் மலிவாகிவருவதும் சேர்த்து எண்ணத் தக்கது. அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடன் அட்டையை வாங்கினாலே, ஓர் இரவும் தங்காமல் ஹில்டன் டைமண்ட் தகுதி கிடைக்கிறது. டைமண்ட் உறுப்பினர்கள் இப்படிப் பெருகிய பிறகு, 80 இரவுகளோடு 18,000 டாலர் செலவும் கேட்கும் டைமண்ட் ரிசர்வ் என்ற புதிய படியை 2026 முதல் ஹில்டன் அதற்கும் மேலே வைத்தது. உச்சி என்று நம்பி ஏறியவர்கள் நின்ற இடத்திலேயே இரண்டாம் படியினர் ஆனார்கள்.

புள்ளிகளின் நிலையும் இதுவே. ஓர் இரவுக்கு இத்தனை புள்ளிகள் என்று வகுத்திருந்த பட்டியலை ஹில்டன் 2017இலும் மேரியட் 2022இலும் கைவிட்டு, நாளுக்கு நாள் மாறும் விலைக்கு வந்துவிட்டதால், சேமித்த புள்ளியின் வாங்கும் சக்தியை அதை வெளியிடும் நிறுவனமே தீர்மானிக்கிறது. 600 இரவுகளும் பிளாட்டினம் படியில் 10 ஆண்டுகளும் கடந்தவருக்கு மேரியட் தரும் வாழ்நாள் தகுதிகூடப் பிளாட்டினத்தோடு நின்றுவிடுகிறது. வாழ்நாள் டைட்டானியத்துக்கான வாயில் 2018 இறுதியிலேயே அடைக்கப்பட்டது, அதற்குச் சில இரவுகள் குறைந்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.