அரைப் புலமைப்பரிசில்

கடந்த மாதம் வன்னியிலிருந்து ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்திருந்தார். அவருடைய மகன் மகாபொல உதவிப்பணத்தில் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துப் பட்டம் பெற்றவன். முதுமாணிப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஐம்பது வீதப் புலமைப்பரிசில் வழங்கியிருப்பதாக, கொழும்பிலுள்ள முகவர் நிறுவனம் ஒன்று அனுப்பிய கடிதம் அவர் கையில் இருந்தது. மற்றைய ஐம்பது வீதத்துக்காக இரண்டு ஏக்கர் வயலை ஈடுவைப்பதற்குக் காணி உறுதியையும் கொண்டுவந்திருந்தார்.

"ஐயா, புலமைப்பரிசில் எண்டு போட்டிருக்கினம். நல்லதுதானே?" என்று கேட்டார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அது புலமைப்பரிசில் அன்று, விலைக்கழிவு. முதலில் கட்டணத்தை உயர்த்திச் சொல்லிப் பின்னர் பாதியாகக் குறைக்கும் வித்தையைத் தீபாவளிக் காலத்துப் புடைவைக் கடைகளில் நாம் காணாததா? முதல் தவணையைச் செலுத்தக் கடைசித் திகதியும் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஒன்பது நாட்களே இருந்தன.

இந்தச் சொல் இவ்வளவு மலிந்துபோனதில் எனக்கும் பங்குண்டு. நான் ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் இத்தகைய விளம்பரங்கள் அரைப்பக்கமாக வெளிவந்தன. விளம்பரப் பகுதி வேறு, ஆசிரியபீடம் வேறு என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையான புலமைப்பரிசில்களின் அறிவித்தல்களோ ஆங்கிலத்தில் ஒரு மூலையில் வரும். தமிழாக்கிப் போடுவதற்குள் முடிவுத் திகதி நெருங்கிவிடும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர் கொழும்புப் பத்திரிகை யாழ்ப்பாணம் போய்ச் சேருவதே அரிதாயிற்று.

உண்மையான புலமைப்பரிசில்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1959 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் உருவானது. பிரித்தானியா அத்திட்டத்தின் கீழ் வழங்கும் முதுமாணிப் புலமைப்பரிசில் கல்விக் கட்டணம், விமானச் சீட்டு, மாதாந்தப் படி ஆகிய மூன்றையும் ஏற்கின்றது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவாவது இருக்கவேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: இந்த உதவி இல்லாவிட்டால் அந்நாட்டில் படிக்க வசதியற்றவராக விண்ணப்பதாரி இருக்கவேண்டும். அதாவது, அந்தத் தகப்பனார் எதை எண்ணிக் கூசி நின்றாரோ அந்த வசதியின்மையே அங்கே ஒரு தகுதி. ஜப்பானிய அரசாங்கத்தின் புலமைப்பரிசிலும் கட்டணம், பயணம், மாதப்படி மூன்றையும் தருகின்றது. 2004 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆரம்பித்த எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணித் திட்டத்தில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். பொதுநலவாயத் திட்டத்துக்கோ ஜப்பானியத் திட்டத்துக்கோ விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. முகவருக்கு இவற்றில் தரகு கிடையாது. ஆகவே அவர் இவற்றைப் பற்றி வாய் திறப்பதுமில்லை.

பொதுநலவாயத் திட்டம் போன்றவற்றில் படிப்பு முடிந்ததும் நாடு திரும்பவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதைக் கேட்டதும் சில இளைஞர்களின் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். 2022 இன் பொருளாதார வீழ்ச்சியைப் பார்த்த பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வெளியேறுவதற்கு வழி தேடுவதும் படிப்பதற்கு வழி தேடுவதும் வேறுவேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் முகவர் கடை விரிக்கிறார்.

இன்று தகவல் இணையத்தில் கிடக்கின்றது. எமது பிள்ளைகள் தடுக்கி விழுவது விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய கட்டுரையில். எதைப் படிக்க விரும்புகிறேன், அதனால் என் ஊருக்கு என்ன பயன் என்று தன்னைப் பற்றி எழுத எங்கள் பாடசாலைகளும் கற்பிக்கவில்லை, பல்கலைக்கழகங்களும் கற்பிக்கவில்லை. பேராசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கவே பலர் தயங்குகிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இதை வாசிக்கும் உங்களில் இத்தகைய உதவியில் படித்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் அன்று எழுதிய கட்டுரையின் பிரதி இன்னும் உங்களிடம் இருக்கக்கூடும். ஊரிலுள்ள ஒரு பிள்ளைக்கு அதை அனுப்பிவைக்க எவ்வளவு நேரமாகும்?

தகப்பனார் உறுதியைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பேருந்து ஏறினார். முதல் தவணைக்கான திகதி கடந்துவிட்டது. மகனின் கட்டுரையின் முதல் வரைவு நேற்று எனக்கு வந்தது. ஆங்கிலம் கரடுமுரடாக இருக்கிறது. எழுதியிருப்பது தங்கள் வயலின் கிணறு உவராகி வருவதைப் பற்றி. வசனங்களைத் திருத்தினேன், விடயத்தில் கை வைக்கவில்லை.